காய்ச்சல் விட்ட பிறகும் ஃப்ளூ ஒட்டுமா? 763 மாணவர்கள் இருந்த ஒரு விடுதிப் பள்ளியின் இரண்டு வாரங்கள்

ஃப்ளூ வந்தவர் எத்தனை நாள் அடுத்தவருக்குப் பரப்புவார் என்று கேட்டால், டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் பதில் ஒன்றுதான். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும், தெரிந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். பதில் சரிதான். ஆனால் அத்தனை நாளும் ஒரே அளவு ஆபத்து என்று எடுத்துக்கொண்டால், கவனிக்க வேண்டிய நாளைக் கோட்டை விட்டுவிட்டு, முடிந்துபோன நாளில் பயந்துகொண்டிருப்போம்.

அந்த நாட்களின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. வட இங்கிலாந்தில் ஆண் பிள்ளைகள் படித்த ஒரு விடுதிப் பள்ளியில் 1978 ஜனவரியில் நடந்தது. அதே ஆண்டு மார்ச் 4ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சிறு குறிப்பாக வெளிவந்தது. பள்ளியின் பெயரோ மாணவர்களின் பெயரோ அதில் இல்லை. தினமும் எத்தனை பேர் படுக்கையில், எத்தனை பேர் தேறிவரும் நிலையில் என்று காட்டும் வரைபடம் இருந்தது. அந்த எண்கள் பிற்பாடு தொற்றுநோய்க் கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு நிரந்தரப் பயிற்சிக் கணக்காக ஆகிவிட்டன. கணக்கு பிரபலமான அளவுக்கு நிகழ்வு பேசப்படவில்லை. இங்கே நிகழ்வைப் பார்ப்போம்.

பின்னணி

பள்ளியில் 763 மாணவர்கள், வயது 10 முதல் 18 வரை. முப்பது பேரைத் தவிர எல்லோரும் அங்கேயே தங்கிப் படித்தவர்கள். பகலும் இரவும் ஒன்றாகவே இருந்தவர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பிள்ளைகள் பிரிட்டனின் எல்லாப் பக்கங்களிலிருந்தும், சிலர் ஐரோப்பாவிலிருந்தும் தூரக் கிழக்கிலிருந்தும் திரும்பியிருந்தார்கள். குளிர்காலம் என்பதால் ஜன்னல்கள் மூடியிருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பருவத்தில் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த வைரஸும் கொஞ்சம் விசித்திரமானது. எச்1என்1 வகை ஃப்ளூ 1957இல் மனிதர்களிடமிருந்து மறைந்துபோயிருந்தது. வேறொரு வகை வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1977இல், முதலில் சீனாவிலும் பிறகு சோவியத் ஒன்றியத்திலும் அது திரும்பத் தலைகாட்டியது. மரபணுவைப் பார்த்தால் 1950களின் வைரஸோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. இயற்கையில் இருபது ஆண்டு மாறாமல் இருக்க ஃப்ளூவுக்குத் தெரியாது என்பதால், ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ தப்பியிருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் உண்டு. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். 1978இல் பள்ளியில் படித்த எந்தப் பையனும் இந்த வகையை முன்பு சந்தித்ததில்லை. அந்தக் குளிர்காலத்துத் தடுப்பூசியிலும் அது இல்லை.

முதல் பையன்

ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு மாணவனுக்கு ஜனவரி 15 முதல் 18 வரை காய்ச்சல் இருந்தது. லேசாக வந்து போன காய்ச்சல். அந்த நேரத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. எழுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஜனவரி மாதம் ஒருவனுக்குக் காய்ச்சல் வருவது செய்தியே அல்ல.

18ஆம் தேதி அவன் காய்ச்சல் விட்டது. அடுத்த பதிவு 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பள்ளியின் நோயறையில் மூன்று பையன்கள் படுத்திருந்தார்கள்.

இந்த நான்கு நாள் இடைவெளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகும், சராசரி இரண்டு. அந்த மூவரும் ஹாங்காங் பையனிடமிருந்தே நேராகப் பெற்றிருந்தால், பெரும்பாலும் 18 முதல் 20ஆம் தேதிக்குள் பெற்றிருக்க வேண்டும். அதாவது அவன் காய்ச்சல் விடும் நேரத்திலோ, விட்ட பிறகோ. அப்படியில்லையென்றால் நடுவில் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு லேசாக வந்து, படுக்கைக்குப் போகாமலே, பதிவேட்டில் ஏறாமலே போயிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்துவதாகத் தெரிகிறது. ஃப்ளூ தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அறிகுறியே தெரிவதில்லை, தெரிந்தவர்களிலும் பலருக்கு வெறும் சளியோடு போய்விடும். அவன்தான் தொடக்கம் என்பதும்கூடக் காலவரிசையை வைத்துச் சொல்லும் ஊகம்தான். எந்த வழியில் பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: 'அவனுக்குச் சரியாகிவிட்டது' என்று நினைத்த நாட்களில் வைரஸ் பள்ளிக்குள் ஓசையில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தது.

படுக்கைப் பதிவேடு காட்டியது

ஜனவரி 22, ஞாயிறு: 3 பேர் படுக்கையில்.
23, திங்கள்: 8.
24, செவ்வாய்: 26.
25, புதன்: 76.
26, வியாழன்: 225.
27, வெள்ளி: 298.

வியாழன் வரை தினமும் ஏறக்குறைய மூன்று மடங்கு. செவ்வாய்க்கிழமை காலை 26 பேர் என்று கேட்ட ஆசிரியர், 'ஒரு வகுப்புப் பிள்ளைகள் அளவு, சமாளித்துவிடலாம்' என்று நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டே நாளில் அது 225 ஆயிற்று.

பிறகு இறக்கம்: 258, 233, 189, 128, 68, 29, 14. பிப்ரவரி 4, சனிக்கிழமை, நான்கு பேர்.

ஏறுமுகத்தில் புதனுக்கும் வியாழனுக்கும் நடுவே நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்வோம். படுக்கையில் இருந்தவர்கள் 76இலிருந்து 225 ஆனார்கள். அதற்குள் ஒன்பது பேர் எழுந்து தேறிவருவோர் பட்டியலுக்கும் போயிருந்தார்கள். ஆக, ஒரே நாளில் புதிதாக விழுந்தவர்கள் 158 பேராவது இருக்க வேண்டும். இவர்களுக்கு நோய் எப்போது ஒட்டியது? சராசரி இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் செவ்வாய்க்கிழமை வாக்கில். செவ்வாயன்று படுக்கையில் இருந்தவர்கள் 26 பேர்தான், அவர்களும் மற்றவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். அந்த 158 பேருக்கும் கொடுத்தவர்கள் அறையில் படுத்திருந்தவர்களாக இருக்க முடியாது. அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள், இராத்திரி 'கொஞ்சம் தலைவலிக்கிற மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலில் படுத்தவர்கள்தான்.

எவ்வளவு நாள் பரவும் என்ற கேள்விக்கு இந்த நிகழ்வு தரும் முதல் விடை இதுதான். நாட்களின் நீளத்தைவிட அவை எங்கே தொடங்குகின்றன என்பது முக்கியம். பதிவேட்டில் எண் ஏறும்போது, அடுத்த இரண்டு நாளின் எண்ணிக்கை ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

எடுத்த முடிவுகள்

நோயுற்ற மாணவர்களைப் படுக்கையில் வைத்துப் பிரித்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் உடனே வகுப்புக்கு அனுப்பாமல், தேறிவருவோர் என்று தனியாக வைத்துப் பதிவும் செய்தார்கள். பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிப் பள்ளியைக் கலைத்த தடயம் எண்களில் இல்லை. கணக்கு பிப்ரவரி 4 வரை அங்கேயே தொடர்கிறது.

அன்றைய நிலையில் இவை நியாயமான முடிவுகள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வைரஸை டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்த மாதிரி ஆகியிருக்கும். கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் பரிசோதனை அப்போது கிடையாது, வைரஸை வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கும். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை சந்தைக்கு வந்ததே 1999இல். கையில் இருந்தது கட்டில், போர்வை, தெர்மாமீட்டர்.

தேறிவருவோரைத் தனியாக வைத்ததைத்தான் நான் மெச்சுவேன். அந்த எண்கள் வியாழனன்று 9, வெள்ளியன்று 17, சனியன்று 105, ஞாயிறு 162, திங்கள் 176 என்று ஏறின. படுக்கை எண் உச்சத்தைத் தொட்டது 27ஆம் தேதி. ஆனால் படுக்கையும் தேறுதலும் சேர்த்து, வகுப்புக்கு வராதவர்கள் அதிகமாக இருந்தது 29ஆம் தேதி. அன்று 395 பேர், பள்ளியில் பாதிக்கு மேல். 'உச்சம் தாண்டிவிட்டது, தேறியவர்களை வகுப்புக்கு விரட்டுங்கள்' என்று சொல்லத் தோன்றும் கட்டம் அது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஒருவர் எத்தனை நாள் ஒதுங்கியிருந்தார்

மொத்தம் 512 மாணவர்கள், அதாவது நூற்றுக்கு 67 பேர், மூன்று முதல் ஏழு நாள் வகுப்புக்கு வரவில்லை என்கிறது குறிப்பு. தினசரி எண்களைக் கூட்டினால் சராசரியும் கிடைக்கும். படுக்கை நாட்கள் எல்லாம் சேர்த்து 1559. தேறுதல் நாட்கள் 937. ஆளுக்கு மூன்று நாள் படுக்கை, கிட்டத்தட்ட இரண்டு நாள் தேறுதல், ஆக ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு.

இதை இன்னொரு எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் ஃப்ளூ வைரஸை விட்டுத் தினமும் சோதித்த ஆய்வுகள் உண்டு. அப்படிப்பட்ட 56 ஆய்வுகளை, 1280 பேரின் தரவோடு, ஒன்றாகத் திரட்டி 2008இல் வெளியிட்டார்கள். வைரஸ் உள்ளே போன அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் மூக்கு, தொண்டையில் வைரஸ் அளவு சடாரென்று ஏறுகிறது. இரண்டாம் நாள் உச்சம். உடம்பு படும் பாடு உச்சத்துக்கு வருவது மூன்றாம் நாள். மூக்கு, தொண்டை வழியாக வைரஸ் வெளியேறிக்கொண்டிருப்பது சராசரியாக 4.8 நாள். ஆள் மிகவும் துவண்டு கிடக்கும் நாள் வருவதற்குள் அவர் பரப்பும் திறன் இறங்கத் தொடங்கிவிடுகிறது என்று பொருள்.

பள்ளியில் பிள்ளைகள் ஒதுங்கியிருந்த காலமும் இந்த 4.8 நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது தற்செயலாக இருக்கலாம். ஒன்று நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணியது, மற்றது வைரஸ் உள்ளே போன பிறகு எண்ணியது. அந்த வித்தியாசம்தான் விஷயமே. ஒதுங்கிய ஐந்து நாளில் கடைசிப் பகுதி பெரும்பாலும் பாதுகாப்புக்காகக் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் படுப்பதற்கு முந்தைய நாளும், 'பார்க்கலாம்' என்று இழுத்தடித்த முதல் சில மணி நேரமும் ஒதுக்கத்துக்குள் வரவே இல்லை.

ஹாங்காங்கில் வீடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. அறிகுறி தெரிந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் வைரஸ் வெளியேற்றத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அறிகுறிக்கு முந்தைய பங்கு இருக்கிறது, ஆனால் சிறியது.

கணிதப் புத்தகங்கள் இந்தப் பள்ளி எண்களுக்கு ஒரு எளிய மாதிரியைப் பொருத்தி, ஒரு மாணவன் தொற்றும் நிலையில் இருந்த காலம் ஏறத்தாழ 2.2 நாள் என்றும், ஒருவன் சராசரியாக மூன்றரையிலிருந்து நான்கு பேருக்குக் கொடுத்தான் என்றும் காட்டுகின்றன. இதைப் படித்துவிட்டு 'ஃப்ளூ இரண்டு நாள்தான் ஒட்டும்' என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. அந்த 2.2 நாள் வைரஸின் ஆயுள் அல்ல. போதாக்குறைக்கு, மாதிரியில் 'தொற்றுபவர்கள்' என்று போடப்பட்ட எண் உண்மையில் 'படுக்கையில் இருப்பவர்கள்'. படுக்கைக்குப் போனவன்தான் யாருக்கும் கொடுக்க வாய்ப்புக் குறைந்தவன்! கணக்குக்கு வசதியான எண்ணை வாழ்க்கைக்கு எடுத்து வரும்போது இந்த மாதிரி வழுக்கல்கள் நேரும்.

யாருக்கு ஒட்டவில்லை

பிள்ளைகளோடு பழகிய பெரியவர்கள் சுமார் 130 பேர் பள்ளியில் இருந்தார்கள்.  அவர்களில் இதே அறிகுறிகள் வந்தவர் ஒரே ஒருவர், விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன்.

பெரியவர்கள் கையை நன்றாகக் கழுவினார்கள் என்று இதை விளக்க முடியாது. அவர்களில் அநேகமாக எல்லோரும் 1957க்கு முன் பிறந்தவர்கள். சிறு வயதில் பழைய எச்1என்1 வந்துபோயிருக்கும், உடம்பு அதை மறக்கவில்லை. அதே பையன், அதே நாள், அதே இருமல். பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒட்டியது, ஆசிரியருக்கு ஒட்டவில்லை. 'எத்தனை நாள் பரவும்' என்ற கேள்விக்கு நோயாளியை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம். வீட்டில் தாத்தா, கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோதெரபியில் இருப்பவர் என்று யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் சாதாரணமாகவும், இன்னொரு வீட்டில் ஆபத்தாகவும் இருக்கும்.

விளைவு

இரண்டு வாரத்தில் அலை தானாக அடங்கியது. அடங்கியதற்கு முதன்மைக் காரணம் கட்டுப்பாடு அல்ல, புதிதாகப் பிடிக்க ஆள் தீர்ந்துபோனதுதான். 763 பேரில் 512 பேர் படுத்தாயிற்று. மீதியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அறிகுறி இல்லாமலே வந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

பிரித்து வைத்ததால் பயனே இல்லையா என்றால், உச்சத்தைத் தடுக்கவில்லை என்பது எண்களில் தெரிகிறது. ஆனால் காய்ச்சலோடு வகுப்பில் உட்கார வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளி நம்மிடம் இல்லை. காய்ச்சல் பிள்ளைக்கு ஓய்வு கிடைத்தது என்ற ஒன்றுக்காகவாவது அது சரியான முடிவு.

இன்று நடந்தால் எதை மாற்றுவோம்

முதல் மாற்றம் தேதியில். 24ஆம் தேதி 26 பேர் ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்த அன்றே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்து, அன்று மாலையே அந்த மூவரின் அறையில் தூங்கிய மற்ற பிள்ளைகளைத் தனி மேசையில் சாப்பிட வைத்து, ஜன்னலைத் திறந்து, தலைவலி, தொண்டைக் கரகரப்பு என்று யார் சொன்னாலும் தெர்மாமீட்டருக்காகக் காத்திராமல் பிரித்துவிடலாம். ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ள பிள்ளைகளுக்கு 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டாமிவிர் தொடங்க டாக்டர் சொல்வார். அது நோயை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். 'மாத்திரை போட்டாச்சு, இனிப் பரவாது' என்று அர்த்தமில்லை. வருடாந்தரத் தடுப்பூசியில் எச்1என்1 இப்போது எப்போதும் இருக்கிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது சரி. ஆனால் திரும்பும் நாளைக் கணக்கிடும்போது அந்த மாத்திரையைக் கழித்துவிட வேண்டும். காலையில் ஒரு டோஸ் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் யூனிஃபார்ம் மாட்டிப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பதினொரு மணிக்கு டீச்சரிடமிருந்து போன் வரும். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கிறது, மூக்கில் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஃப்ளூவோடு சேர்ந்தால் ரை நோய் என்ற அரிய, ஆபத்தான நிலை வரலாம் என்பது 1980களில் உறுதியாயிற்று.

எப்போது திரும்பலாம்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் சொன்னது இரண்டு படிகள் கொண்டது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற தொந்தரவுகளும் குறைந்துவர வேண்டும். அதற்குப் பிறகு வெளியே வரலாம், ஆனால் மேலும் ஐந்து நாள் முகக்கவசம், இடைவெளி, காற்றோட்டம் என்று கவனமாக இருக்க வேண்டும். 1978 பள்ளியின் 'படுக்கை, பிறகு தேறுதல்' என்ற இரண்டு படியும் இதே போக்கில்தான் இருந்தது, இரண்டாம் படி மட்டும் குட்டை. மருத்துவமனைக்குள் விதி இன்னும் கடுமை: நோய் தொடங்கி ஏழு நாள், அல்லது காய்ச்சலும் மூச்சுத் தொந்தரவும் நீங்கி 24 மணி நேரம், இரண்டில் எது தாமதமோ அதுவரை. சின்னக் குழந்தைகள் பத்து நாளும் அதற்கு மேலும் வைரஸை வெளியேற்றலாம். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் வாரக்கணக்கில் வெளியேற்றுவார்கள். அவர்களுக்குப் பொது விதி பொருந்தாது, டாக்டர் சொல்வதுதான் கணக்கு. மற்றபடி, எல்லாம் சரியாகி இரண்டு வாரம் வறட்டு இருமல் மட்டும் நீடிப்பவரைப் பார்த்து ஒதுங்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் காயம்பட்ட மூச்சுக்குழாயின் வேலை.

அந்தப் பள்ளிப் பையன் ஒருவனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்: 26ஆம் தேதி வியாழன் காய்ச்சல் தொடங்குகிறது. 29 காலை, மாத்திரை இல்லாமலே, உடம்பு குளிர்கிறது. 30 காலை வரை அப்படியே இருந்தால் வகுப்புக்குப் போகலாம். பிப்ரவரி 3 வரை முகக்கவசம், சாப்பாட்டுக்குத் தனி மேசை, கட்டில் ஜன்னலோரம். நடுவில் 31 இராத்திரி மறுபடி சூடு வந்தால் எண்ணியதை அழித்துவிட்டு, அது விட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தைத் திரும்ப எண்ண வேண்டும்.